கிணற்று நீர் எரியுமா?

மாணவர்களே! கோடைக்காலத் திருவிழாவில் கோலி சோடா வாங்கிக் குடித்திருப்பீர்கள். அடுத்த முறை வாங்கும்போது, கடைக்காரர் கோலியை அழுத்துவதற்கு முன்பு அந்தப் புட்டியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது வெறும் தண்ணீர் போலத்தான் தோன்றும். பிறகு கோலியை அழுத்தியதும் என்ன நடக்கின்றது? 'டப்' என்று ஓர் ஓசை. உடனே எண்ணற்ற குமிழிகள் பொங்கிக்கொண்டு மேலே வருகின்றன. இத்தனை வாயுவும் இவ்வளவு நேரம் எங்கே ஒளிந்திருந்தது? நீரிலேதான் கரைந்திருந்தது. புட்டிக்குள் இருந்த அழுத்தம் அதைக் கரைந்த நிலையிலேயே அடக்கி வைத்திருந்தது. அழுத்தம் குறைந்தது, வாயு வெளிப்பட்டது.

இந்தச் சிறிய நிகழ்ச்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் துணையோடு ஒரு கிராமத்தில் நடந்த பெரிய வழக்கைப் புரிந்துகொள்ளப் போகிறோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவஹானா மாவட்டத்தில், டிமக் என்ற ஊர் இருக்கின்றது. மேடும் பள்ளமுமான புல்வெளிகள், மரங்கள் அடர்ந்த குன்றுகள், பால் மாடு வளர்க்கும் பண்ணைகள். 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 1,500 பேர் வாழ்ந்த ஊர். ஊருக்குப் பொதுவான குடிநீர்க் குழாய் கிடையாது. வீட்டுக்கு வீடு சொந்தக் கிணறு. அதிலிருந்து பம்பு வைத்து நீர் எடுப்பார்கள்.

2009-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, அந்த ஊரில் ஒரு வீட்டின் கிணறு வெடித்தது! அதை மூடியிருந்த கனத்த கான்கிரீட் மூடி உடைந்து சிதறியது. நல்லவேளையாக எவருக்கும் காயம் ஏற்படவில்லை. ஆனால் ஊரார் திகைத்துப் போனார்கள். தீயை அணைக்கப் பயன்படுவது நீர். அந்த நீர் இருக்கும் கிணறு எப்படி வெடிக்கும்?

கிணற்றுக்குள் இருந்தது என்ன?

அங்கே இருந்தது மீத்தேன் வாயு. ஒரு கார்பன் அணுவும் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த எளிய மூலக்கூறு அது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. நீரில் கரைந்திருக்கும்போது அதைக் கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாது. அது நஞ்சும் அன்று; ஆனால் எரியும். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை மீத்தேன் கலந்திருந்தால், ஒரு சிறு பொறி போதும், வெடித்துவிடும்.

இப்போது கோலி சோடாவுக்கு வருவோம். நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகின்றது. எனவே நீர்மட்டத்திலிருந்து 100 மீட்டர் கீழே, மேலுள்ள வளிமண்டலத்தையும் சேர்த்து, 11 வளிமண்டல அழுத்தம் இருக்கும். நீரில் கரையக்கூடிய வாயுவின் அளவு அதன் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை வில்லியம் ஹென்றி என்ற ஆங்கிலேய அறிஞர் 1803-ஆம் ஆண்டு வெளியிட்டார். ஆகவே தரைமட்டத்தில் கரையக்கூடியதைப் போல ஏறத்தாழ 11 மடங்கு மீத்தேன் அந்த ஆழத்து நீரில் கரைந்திருக்க முடியும். அந்த நீரைப் பம்பு மேலே இழுத்துக்கொண்டு வரும்போது அழுத்தம் குறைகின்றது. கோலியை அழுத்தியது போலத்தான்! மீத்தேன் குமிழி குமிழியாகப் பிரிந்து, கிணற்று மூடிக்கு அடியில் சேருகின்றது. மூடிய இடம், வெளியேற வழியில்லை. மின்பம்பில் எழுந்த ஒரு பொறி பட்டு அது தீப்பற்றியிருக்கலாம் என்று கருதப்பட்டது.

சரி, கிணறு ஏன் வெடித்தது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் அந்த மீத்தேன் அங்கே எப்படி வந்தது? வழக்கே அங்குதான் தொடங்குகின்றது. ஏனென்றால், அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்த ஊரில் இயற்கை எரிவாயு எடுக்கத் துளையிடும் வேலை மும்முரமாகத் தொடங்கியிருந்தது.

பாறைக்குள் ஒரு புதையல்

டிமக் ஊருக்குக் கீழே, ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், மார்செல்லஸ் என்று பெயரிடப்பட்ட கருநிறக் களிப்பாறைப் படிவு இருக்கின்றது. ஏறக்குறைய 39 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே கடல் இருந்தது. அக்கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்கள் அடிச்சேற்றோடு புதைந்தன. மேன்மேலும் படிவுகள் குவியக் குவிய, சேறு பாறையாயிற்று; புதையுண்ட உயிர்ப்பொருள் பூமியின் வெப்பத்தில் வெந்து மீத்தேனாயிற்று.

இந்தப் பாறையில் வாயு நிறைய இருந்தும் அதை எடுப்பது எளிதாக இல்லை. மணற்பாறையில் துளையிட்டால் வாயு தானாகவே கசிந்து வரும். அதன் துளைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. களிப்பாறையின் துளைகளோ மிக மிக நுண்ணியவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழியில்லை. கதவுகளே இல்லாத கோடிக்கணக்கான அறைகளில் வாயு சிறைப்பட்டிருக்கின்றது எனலாம். அதை வெளியே கொண்டுவரச் சுவர்களை உடைக்க வேண்டும்.

நீரைக் கொண்டு பாறையை உடைத்தல்

உடைப்பதற்குப் பயன்படுவது நீரே! இதுதான் நீரழுத்த விரிசல் முறை. 'ஃபிராக்கிங்' என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். இம்முறை புதியது அன்று. வணிக முறையில் 1949-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் செய்யப்பட்டது. துளையை இரண்டு கிலோமீட்டர் செங்குத்தாக இறக்கி, பிறகு மெல்ல வளைத்து, பாறைப் படிவுக்குள்ளேயே கிடைமட்டமாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் செலுத்தும் நுட்பத்தோடு இது இணைந்த பிறகுதான் களிப்பாறை வாயு பெருமளவில் கிடைக்கத் தொடங்கியது.

எவ்வளவு அழுத்தம் தேவை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாறையின் அடர்த்தி நீரைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 10 மீட்டர் நீர் ஒரு வளிமண்டல அழுத்தம் தருமானால், 4 மீட்டர் பாறையே அதைத் தந்துவிடும். ஆகவே 2,000 மீட்டர் பாறை தன் எடையால் தரும் அழுத்தம் 500 வளிமண்டலம். ஒரு கார் டயரில் அடைக்கும் காற்று, வெளிக்காற்றைவிட இரண்டு வளிமண்டல அளவே கூடுதல் என்பதை நினைத்துப் பாருங்கள்! பக்கவாட்டில் பாறையின் நெருக்கம் இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். நீரின் அழுத்தம் அந்தப் பக்கவாட்டு நெருக்கத்தை மிஞ்சினால் பாறை விரிசல் விடும். குழாயில் நிற்கும் 2,000 மீட்டர் நீரே 200 வளிமண்டல அழுத்தத்தைத் தந்துவிடுகின்றது. மீதியைத் தரையில் வரிசையாக நிறுத்தப்பட்ட பம்புகள் தருகின்றன.

நீரோடு மணலும் செலுத்தப்படுகின்றது. விறகு பிளக்கும்போது பிளவு மூடிக்கொள்ளாமல் ஆப்பு வைப்பார்கள் அல்லவா? அது போல, பம்பை நிறுத்திய பிறகும் விரிசல் மூடிவிடாதபடி மணல் தாங்கிக்கொள்ளும். உராய்வைக் குறைக்கவும் பாக்டீரியாக்களைக் கொல்லவும் சில இரசாயனப் பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. நூற்றுக்குச் சுமார் 90 பங்கு நீர், 9 பங்கு மணல், ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இரசாயனம். ஒரு பங்குதானே என்று எண்ண வேண்டாம். ஒரு கிணற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கோடி லிட்டர் நீர் செலவாகும்போது, அந்த ஒரு பங்கு ஒன்றரை இலட்சம் லிட்டருக்கும் மேல்!

இதனால் பயனும் பெரிது. பென்சில்வேனியா அமெரிக்காவிலேயே இயற்கை எரிவாயு உற்பத்தியில் இரண்டாவது மாநிலமாக உயர்ந்தது. அதே அளவு மின்சாரத்துக்கு, நிலக்கரியை எரிப்பதைவிட எரிவாயுவை எரிப்பது ஏறத்தாழப் பாதி அளவு கரியமில வாயுவையே வெளியிடுகின்றது. அமெரிக்காவில் நிலத்துக்கு அடியில் உள்ள கனிமமும் பெரும்பாலும் நில உரிமையாளருக்கே சொந்தம். ஆகவே பால் விலையை நம்பி வாழ்ந்த பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைப் பணமும் உற்பத்தியில் பங்கும் கிடைத்தன. துளையிட வந்த நிறுவனத்தை டிமக் மக்களில் பலர் மகிழ்ச்சியோடுதான் வரவேற்றார்கள்.

மூன்று சந்தேகங்கள்

கிணறு வெடித்த பிறகு ஊர் இரண்டுபட்டது. துளையிட்டதால்தான் வாயு வந்தது என்றனர் ஒரு சாரார். துளையிட்ட கேபட் நிறுவனமோ, இப்பகுதிக் கிணறுகளில் மீத்தேன் முன்பிருந்தே உண்டு என்றது. நாம் ஆய்வாளரைப் போல ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் சந்தேகம்: மீத்தேன் இயற்கையாகவே அங்கு இருந்ததா? இருந்திருக்கலாம். நம் ஊர்க் குளத்துச் சேற்றைக் காலால் மிதித்தால் குமிழிகள் வருமே, அதிலும் மீத்தேன் உண்டு. சஸ்குவஹானா மாவட்டத்திலேயே, ஊற்று நீரில் எரிவாயுக் குமிழிகள் வரும் இடம் ஒன்று நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது.

இரண்டாவது சந்தேகம்: ஆழத்தில் உண்டாக்கிய விரிசல்கள் குடிநீர் வரை எட்டிவிட்டனவா? இது நடப்பது மிக அரிது. விரிசல்கள் பெரும்பாலும் சில நூறு மீட்டர் உயரமே வளர்கின்றன என்பதை, பாறை உடையும்போது எழும் நுண் அதிர்வுகளைப் பதிவு செய்து அறிந்திருக்கிறார்கள். விரிசலின் உச்சிக்கும் குடிநீர்க் கிணற்றின் அடிக்கும் இடையே இங்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருக்கின்றது.

மூன்றாவது சந்தேகம்: துளையே வழியாகிவிட்டதா? துளை கீழே செல்லும்போது குடிநீர் இருக்கும் படிவத்தையும், அதற்குக் கீழே வாயு உள்ள சிறு சிறு படிவங்களையும் கடந்துதான் செல்ல வேண்டும். அதற்காகத் துளைக்குள் எஃகு உறைக்குழாய்கள் இறக்கப்படும். நம் ஊரில் ஆழ்துளைக் கிணறு போடுவோர் 'கேசிங் பைப்பு' என்பார்களே, அதேதான். அக்குழாய்க்கும் பாறைக்கும் இடையே உள்ள வளைய வடிவ இடைவெளியைச் சிமெண்டால் அடைக்க வேண்டும். சிமெண்டு எங்கேனும் சரியாகப் பிடிக்காவிட்டால், நடுப்படிவத்து வாயு அந்த இடைவெளி வழியே மேலேறிக் குடிநீரில் கலந்துவிடும்.

மாநிலச் சுற்றுச்சூழல் துறையினர் விசாரித்து, சில எரிவாயுக் கிணறுகளின் உறைக்குழாயும் சிமெண்டும் சரியில்லை என்றும், அதனால் பல வீடுகளின் கிணறுகளில் வாயு புகுந்தது என்றும் முடிவு செய்தனர். 2010-ஆம் ஆண்டு மூன்று எரிவாயுக் கிணறுகளை மூடும்படி உத்தரவிட்டனர்; அங்கே சுமார் 23 சதுர கிலோமீட்டர் பரப்பில் புதிதாகத் துளையிடுவதையும் தடுத்தனர். நிறுவனம் தன் மீது தவறில்லை என்றே சொல்லிவந்தது.

அணுக்கள் சொன்ன சாட்சி

இங்கே அறிவியல் சாட்சிக் கூண்டில் ஏறுகின்றது. கார்பன் அணுக்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. பெரும்பாலானவை கார்பன்-12, நூற்றில் ஏறக்குறைய ஒன்று மட்டும் கார்பன்-13. சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் உண்டாக்கும்போது இலேசான கார்பன்-12-ஐயே கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன. ஆழத்தில் வெப்பத்தால் உண்டான மீத்தேனில் கார்பன்-13-இன் பங்கு அதைவிடக் கூடுதலாக இருக்கும். எனவே கார்பன்-13-ஐ அளந்தால், வாயு சேற்றில் பிறந்ததா, ஆழத்தில் பிறந்ததா என்று சொல்லிவிடலாம். கைரேகையைப் போன்ற அடையாளம் இது.

டியூக் பல்கலைக்கழக அறிவியலார் டிமக் உள்ளிட்ட வடகிழக்குப் பென்சில்வேனியாவிலும் அதை அடுத்த நியூயார்க் பகுதியிலும் 60 குடிநீர்க் கிணறுகளில் மீத்தேனை அளந்து 2011-ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஒரு கிலோமீட்டருக்குள் எரிவாயுக் கிணறு இருந்த இடங்களில் லிட்டருக்குச் சராசரியாக 19.2 மில்லிகிராம் மீத்தேன். இல்லாத இடங்களில் 1.1 மில்லிகிராம். ஏறத்தாழ 17 மடங்கு! எரிவாயுக் கிணறுகளுக்கு அருகில் இருந்த மீத்தேனின் கைரேகையும் ஆழத்தையே காட்டியது. விரிசலுக்குச் செலுத்திய இரசாயன நீர் கலந்ததற்கு மட்டும் அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை.

நிறுவனத்தைச் சேர்ந்த அறிவியலாரும் இடம்பெற்ற ஒரு குழு 2013-ஆம் ஆண்டு மறுமொழி தந்தது. அவர்கள் 1,701 கிணறுகளின் நீரைப் பார்த்தனர். மீத்தேன் பரவலாகவே இருக்கின்றது. பள்ளத்தாக்குகளில் உள்ள கிணறுகளில் மிகுதி. ஆகவே நிலத்தின் அமைப்பே காரணம் என்றனர்.

2014-ஆம் ஆண்டு இன்னொரு குழு ஹீலியம், நியான், ஆர்கான் ஆகிய மந்த வாயுக்களை அளந்தது. இவை எதனோடும் வினைபுரிவதில்லை. நுண்ணுயிர்களும் இவற்றைத் தொடுவதில்லை. ஆகவே மீத்தேனோடு சேர்ந்து பயணம் செய்யும்போது, வந்த வழியை மாற்றாமல் சொல்லிவிடும். பல கிணறுகளில் வாயு இயற்கையாகவே இருந்தது. ஆனால் சில இடங்களில் அது பழுதுபட்ட சிமெண்டு, உறைக்குழாய் வழியாக வந்தது. ஆழத்து விரிசல்கள் வழியாக அன்று என்பது அவர்கள் கண்ட முடிவு.

நம் மூன்றாவது சந்தேகத்துக்கு இப்படி வலு கிடைத்தது. முதல் சந்தேகமும் முழுப் பொய்யன்று என்பதைக் கவனியுங்கள். ஊர்ச் சண்டையில் இரு பக்கமும் பாதி உண்மை இருந்தது.

ஒரு மாணவி கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்பு, நீர்மங்களின் அழுத்தம் பற்றிய வகுப்பில் இந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "சார், அந்தக் கிணற்றுத் தண்ணீரில் முன்னாடி எவ்வளவு மீத்தேன் இருந்தது?" என்று கேட்டாள். வகுப்பில் சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வழக்கின் உயிர்நாடியே அந்தக் கேள்விதான்.

வெடித்த கிணற்றின் முந்தைய அளவு கையில் இருந்திருந்தால், துளையிட்ட பின் வந்த அளவை அதனோடு ஒப்பிட்டுச் சில நாள்களிலேயே விடை கண்டிருக்கலாம். கைரேகையும் மந்த வாயுவும் தேடி ஆண்டுக்கணக்கில் அலைந்திருக்க வேண்டாம். டியூக் பல்கலைக்கழகத்தார் தங்கள் கட்டுரையிலேயே, துளையிடும் முன் எடுத்த அளவுகள் தேவை என்று வலியுறுத்தியிருந்தனர். உங்கள் ஆய்வுக்கூடத்திலும் இதே விதிதானே? தராசில் பொருளை வைக்கும் முன் முள் எங்கே நிற்கின்றது என்று பார்க்காதவன், பிறகு எவ்வளவு நுட்பமாக அளந்தும் என்ன பயன்?

பென்சில்வேனியா மாநிலம் இதைச் சட்டத்திலேயே எழுதியது. 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி, களிப்பாறை வாயுக் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், அதாவது 762 மீட்டருக்குள், உள்ள குடிநீர் 12 மாதங்களுக்குள் கெட்டுப்போனால், நிறுவனமே காரணம் என்று முதலில் கொள்ளப்படும். நீர் முன்பே கெட்டிருந்தது என்று நிறுவனம் காட்ட விரும்பினால், துளையிடும் முன் எடுத்த அளவைக் காட்ட வேண்டும். அதாவது, மெய்ப்பிக்கும் சுமை சாதாரண வீட்டுக்காரரின் தலையிலிருந்து இறங்கியது.

டிமக் மக்களின் கதை மட்டும் நீண்டுகொண்டே போயிற்று. 2010-ஆம் ஆண்டு ஊருக்குக் குழாய் நீர் கொண்டுவர மாநில அரசு திட்டமிட்டது. அதே ஆண்டின் இறுதியில் கைவிட்டது. பதிலாகப் பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு நிறுவனம் மொத்தம் 41 இலட்சம் டாலர் தருவதென்று முடிவாயிற்று. பலர் புட்டி நீரையும் தொட்டி நீரையும் நம்பி வாழ்ந்தனர். 2020-ஆம் ஆண்டு நிறுவனத்தின் மீது குற்றவியல் வழக்குத் தொடரப்பட்டது. இதற்குள் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து கோட்டெரா என்று பெயர் மாறியிருந்த அது, 2022 நவம்பரில் ஒரு குற்றச்சாட்டை எதிர்த்து வாதிடுவதில்லை என்று நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஊருக்குக் குடிநீர்க் குழாய் அமைக்க 1 கோடியே 62 இலட்சத்து 90 ஆயிரம் டாலர் தரவும் ஒப்புக்கொண்டது. கிணறு வெடித்த நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள்: ஏறத்தாழ 14 ஆண்டுகள்! அன்று பள்ளியில் சேர்ந்த குழந்தை இன்று கல்லூரிக்குப் போகும் வயதை எட்டிவிட்டிருக்கும்.

நம் ஊர்க் கிணறு

இது கடல் கடந்த கதை என்று விட்டுவிட முடியாது. காவிரிப் படுகையில் நிலக்கரிப் படிவங்களில் உள்ள மீத்தேனை எடுக்க 2010-ஆம் ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் உரிமம் தரப்பட்டது. நிலக்கரியில் மீத்தேனைப் பிடித்து வைத்திருப்பது நீரின் அழுத்தம்; எனவே அம்முறையில் முதலில் நிலத்தடி நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மறுபடியும் நம் கோலி சோடாதான்! நெல் விளையும் நிலத்தில் நீர் போனால் என்ன ஆகும் என்று விவசாயிகள் எதிர்த்தனர். வல்லுநர் குழுவின் ஆய்வுக்குப் பின் 2015-ஆம் ஆண்டு தமிழக அரசு அத்திட்டத்தை மறுத்தது. 2020-ஆம் ஆண்டு காவிரிப் படுகை பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் செய்யப்பட்டது.

எரிவாயு வேண்டுமா, வேண்டாமா என்பதை ஓர் ஊரும் நாடும் கூடி முடிவு செய்யட்டும். அந்த முடிவுக்குத் தேவையான எண்களை யாரோ அளந்து வைத்திருக்க வேண்டும். அந்த யாரோ நீங்களாகவே இருக்கலாம்.

இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு திறந்த கிணற்றைத் தேர்ந்தெடுங்கள். மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று நீர்மட்டம் எவ்வளவு கீழே இருக்கின்றது என்று அளந்து எழுதுங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் எடுத்து அதன் நிறம், மணம், கலங்கல் ஆகியவற்றைக் குறியுங்கள். ஒரே அளவு சோப்புக்கு நுரை நன்றாக வருகின்றதா என்றும் பாருங்கள்; அது நீரின் கடினத்தன்மையைக் காட்டும். தேதியை எழுத மறக்க வேண்டாம். தேதி இல்லாத அளவு சாட்சி சொல்லாது. பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கிணற்றுக்குள் இறங்கவோ, கிணற்றருகில் தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவோ ஒருபோதும் கூடாது.

இவ்வளவு எளிய அளவுகளால் மீத்தேனைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். ஆனால் என்றேனும் ஒருநாள் ஊர்க்கூட்டத்தில், "இந்தக் கிணறு முன்பு எப்படி இருந்தது?" என்று யாராவது கேட்டால், எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் எழுந்து நோட்டைப் பிரிக்கலாம். நாளைக்கு எந்தக் கருவியைக் கொண்டு வந்தாலும், நேற்று அளக்காமல் விட்டதை அளக்க முடியாது அல்லவா?